நாக்கடியில் இருப்பது நரம்பு இல்லை

காரைக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்கள்

நாக்குக்கு அடியில் நீலமாக இரண்டு கோடு தெரிகிறது. புற்றுநோயா? (பள்ளத்தூர்)

இல்லை, சிரைகள், அதாவது இரத்தக் குழாய்கள். வீட்டில் மற்றவர்கள் நாக்கையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள், இருக்கும்.

பேரனுக்கு 2 வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. நாக்கடி நரம்பை வெட்டினால் பேசிவிடுவான் என்கிறார்கள். வசம்பும் தடவிப் பார்த்தாயிற்று. (ஓர் ஆச்சி, தேவகோட்டை)

ஆச்சி, அது நரம்பு இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. கட்டிலில் விரித்த கண்டாங்கியை நடுவில் பிடித்துத் தூக்கினால் மடிப்பு விழுமே, அதுபோல வாயின் தரையில் விரிந்திருக்கும் இணைப்புத்திசுப் படலம் (உறுப்புகளைப் பிணைத்துத் தாங்கும் மெல்லிய நார்ப்படலம்) நாக்கைத் தூக்கும்போது மடிந்து எழுகிறது. கயிறு என்றுதான் மருத்துவர்களும் நினைத்திருந்தோம். 2019-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் உடல்களை அறுத்துப் பார்த்து, மடிப்புதான் என்று காட்டினார்கள்.

மடிப்பு இறுகியிருந்து, குழந்தை பால் குடிக்கத் திணறினால் வெட்டுவதில் அர்த்தம் உண்டு. சிலருக்கு ல, ர குழறலாம். பேச்சே வராததற்கு அது காரணமில்லை. முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். மடிப்பை வெட்டிவிட்டு ஒரு வருடம் காத்திருந்து, அப்புறம் காது கேட்கவில்லை என்று தூக்கிவரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. போன வருடம் திரும்பாது.

வசம்பு அந்த மடிப்பைத் தளர்த்தாது. வீட்டில் பிளேடு, நகம் எதுவும் கூடாது. மடிப்பின் இருபக்கமும் உமிழ்நீர்க் குழாயின் வாய் இருக்கிறது; நிஜமான நரம்பின் கிளைகளும் அருகிலேயே ஓடுகின்றன.

நாக்கு எந்த எலும்பில் பிடித்திருக்கிறது? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

முன்னால் கீழ்த்தாடையில், பின்னால் ஹையாய்டில். லாட வடிவிலான இந்த எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டுச் சேராமல் தசையிலும் தசைநாரிலும் தொங்குகிறது. நாக்கை நடுவில் பிரிக்கும் நார்ச்சுவரும் அதில்தான் போய்ச் சேர்கிறது. நல்ல கேள்வி, அம்மா.

பாக்குப் போடுவேன். வாய் சரியாகத் திறக்கவில்லை, காரம் எரிகிறது. மருந்து எழுதுங்கள். (கண்டனூர்)

வயது இல்லை, எத்தனை வருடப் பழக்கம் என்று இல்லை, மருந்து மட்டும் வேண்டுமா? எழுத மாட்டேன். பாக்கு, வாயின் உள்சவ்வுக்கு அடியிலுள்ள இணைப்புத்திசுவை நாராக இறுக்கிவிடும். நாளாக ஆக நாக்கையும் நீட்ட முடியாது. புற்றுநோயாகவும் மாறலாம். வாயில் 3 விரல் நுழையவில்லை என்றால் இந்த வாரமே நேரில் காட்டுங்கள். பாக்கை இன்றே நிறுத்துங்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் தாடைக்கு அடியில் வீங்குகிறது, பிறகு வடிந்துவிடுகிறது. (கோட்டையூர்)

உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். ஸ்கேன் எடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஊசியால் நீங்களே குத்தாதீர்கள்.