பெட்ரோவராடின் கோட்டைக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

கேள்வி: செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து நோவி சாட் நகரத்துக்குப் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். அங்கே டான்யூப் கரையில் குன்றின்மேல் இருக்கும் பெட்ரோவராடின் கோட்டைக்கு அரை நாள் செலவழிப்பது தகுமா?

தாராளமாகச் செலவழிக்கலாம். ஆனால் சிம்மாசனம், அந்தப்புரம், தங்க முலாம் பூசிய கூரை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். இது அரசர் குடியிருக்கக் கட்டிய அரண்மனை அல்ல. சிப்பாய்களின் நீண்ட குடியிருப்புகள், ஆயுதக் கிடங்கு, மண் நிரப்பிய தடித்த செங்கல் கொத்தளங்கள், இவைதான் மேலே இருப்பவை. பரோக் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடக்கலையின் அழகு வேண்டுமென்றால் அடிவாரத்துப் பழைய ஊரில் தேடுங்கள்: குறுகிய தெருக்கள், இயேசு சபையினர் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், பெல்கிரேடு வாயில். பெரும்பாலோர் அந்தத் தெருக்களை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மேலே ஏறி, படம் பிடித்து, காப்பி குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு 1692இல் இந்தக் கோட்டைக்கு அடிக்கல் நாட்டியது. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் புகழ்பெறச் செய்த முறையில் கட்டினார்கள். வானளாவிய மதில் இல்லை. நட்சத்திர முனைகளைப் போலக் கொத்தளங்களை வெளியே நீட்டி, ஒவ்வொன்றும் பக்கத்துக் கொத்தளத்தின் அடியைச் சுட்டுக் காக்கும்படி அமைத்தார்கள். எல்லாம் துருக்கியரை, அதாவது ஓட்டோமான் பேரரசைத் தடுக்கத்தான். கோட்டை முடியும் முன்பே, 1716 ஆகஸ்ட் 5 அன்று, சவாய் இளவரசர் யூஜின் தலைமையிலான படை கோட்டைக்கு அருகிலேயே ஓட்டோமான் படையை முறியடித்தது. ஓட்டோமான் பிரதம மந்திரி தாமத் அலி பாஷாவே அந்தப் போரில் மாண்டார். கட்டுமானம் ஒருவழியாக நிறைவேறியது 1780இல். அதற்குள் எல்லை தெற்கே பெல்கிரேடுப் பக்கம் நகர்ந்துவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் காசைக் கொட்டிக் கட்டி முடித்த பிறகு, வரவேண்டிய எதிரி வரவே இல்லை!

மேல்தளத்துச் சுவரருகே நின்றால் நேர் எதிரே ஆற்றுக்கு அப்பால் நோவி சாட் நகரம். இந்தக் காட்சியை எல்லோரும் புகழ்கிறார்கள். அதன் பின்கதையைச் சொல்பவர்கள் குறைவு. கோட்டைப் பக்கத்தில் ஆர்த்தடாக்ஸ் செர்பியர்கள் குடியேற அனுமதி இல்லாததால், வணிகர்களும் கைவினைஞர்களும் 1694 வாக்கில் எதிர்க்கரையில் குடிசை போட்டார்கள். கோட்டைக்குச் சரக்கு விற்றே வளர்ந்த ஊர் அது. 1748இல் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரசா அதற்குத் தன்னாட்சி நகர உரிமை கொடுத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, ஹாப்ஸ்பர்க் பேரரசை எதிர்த்து எழுந்த ஹங்கேரியப் புரட்சியின்போது கோட்டை புரட்சிப் படையின் கையில் இருந்தது. 1849 ஜூனில் பேரரசுத் தரப்புத் தளபதி யெலாச்சிச்சின் படை நோவி சாட்டுக்குள் நுழைய, மேலிருந்த பீரங்கிகள் ஊரைப் பொசுக்கித் தள்ளின. வீடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. அந்த யெலாச்சிச் பிறந்ததோ இதே கோட்டையின் அடிவாரத்தில், 1801இல். துருக்கியருக்காக வைத்த பீரங்கி, தனக்குச் சோறு போட்ட ஊரைத்தான் எரித்தது. நோவி சாட்டின் பழைய நகரப் பகுதியில் நீங்கள் பார்க்கப்போகும் கட்டடங்களில் பல அதற்குப் பிறகு எழுந்தவை. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சுவரருகே நின்றால், கோட்டையும் ஊரும் எவ்வளவு நெருக்கம் என்பதே கொஞ்சம் உறுத்தும்.

மேலே தவறவிடக் கூடாதது மணிக்கூண்டு. அதில் பெரிய முள் மணியைக் காட்டும், சின்ன முள் நிமிடத்தைக் காட்டும். ஆற்றில் போகும் படகோட்டிக்கு நிமிடம் எதற்கு, மணி தெரிந்தால் போதாதா என்ற கணக்கு. சரியாக மூன்று மணிக்கு அண்ணாந்து பார்த்தால் நம் கண்ணுக்குப் பன்னிரண்டேகால் என்று படும். குளிரில் பின்தங்கும், வெயிலில் முந்தும். அதனால் உள்ளூரில் அதற்குக் குடிகாரக் கடிகாரம் என்று பெயர். பஸ்ஸைப் பிடிக்க அதை நம்பாதீர்கள்.

நிலத்தடிச் சுரங்கங்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நான்கு அடுக்குகளில் சுமார் 16 கிலோமீட்டர். எதிரி மதிலுக்கு அடியில் வெடி வைக்கத் தோண்டினால் எதிர்த்துத் தோண்டி முறியடிப்பதற்காக அமைத்தவை. பார்வையாளர்களுக்குச் சிறு பகுதி மட்டுமே திறந்திருக்கிறது, அதுவும் நகர அருங்காட்சியகத்தின் வழிகாட்டியோடுதான். உள்ளே திருப்பங்களில் துப்பாக்கித் துளைகளைக் கவனியுங்கள். அவை நடைபாதையையே குறிபார்க்கின்றன. உள்ளே புகுந்துவிட்டவனையும் விடக் கூடாது என்ற எண்ணம். கோடையிலும் சில்லென்று இருக்கும், மேலுக்கு ஏதாவது எடுத்துப்போங்கள். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது வேண்டாம்.

கோட்டை வளாகத்துக்கு டிக்கெட் இல்லை. அருங்காட்சியகத்துக்கும் சுரங்கத்துக்கும் உண்டு. நோவி சாட் மையத்திலிருந்து வரதின் பாலத்தைக் கடந்து நடந்தே வந்துவிடலாம். 1999இல் நேட்டோ குண்டுவீச்சில் நகரத்தின் டான்யூப் பாலங்கள் எல்லாமே தகர்ந்தன. இது அதற்குப் பின் கட்டியது. சூரியன் நகரத்துப் பக்கம்தான் சாயும். ஆகவே மேலிருந்து அஸ்தமனம் பார்க்க மாலையில் போங்கள். நகரத்தைத் தெளிவாகப் படம் பிடிக்கக் காலை வெளிச்சம்தான் நல்லது. பழைய படைக்குடியிருப்புகளில் ஓவியர்களும் சிற்பிகளும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள், பலர் பேசவும் செய்வார்கள். 2001 முதல் 2025 வரை ஜூலையில் எக்ஸிட் என்ற பெரிய இசை விழா கோட்டைக்குள்ளேயே நடந்தது, அந்த நாட்களில் அமைதியாகச் சுற்றிப் பார்க்கும் பேச்சுக்கே இடமிருந்ததில்லை.

நேரம் இடித்தால் சுரங்கத்தை விட்டுவிட்டு அடிவாரத்து ஊரில் நடங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.