கார்டிகன் ஸ்வெட்டருக்கும் வேல்ஸில் உள்ள கார்டிகன் ஊருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் சுற்றிவளைத்துத்தான். அந்த ஊரில் பின்னியதால் வந்த பெயர் இல்லை.

கார்டிகன், டெய்வி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சிறு ஊர். 1176இல் வேல்ஸ் சிற்றரசர் ரிஸ் ஆப் கிரஃபித் அங்குள்ள கோட்டையில் நடத்திய கவிஞர், இசைஞர் போட்டியைத்தான் வேல்ஸ்காரர்கள் தங்கள் முதல் ஐஸ்டெத்வோடாக, அதாவது கவிதை, இசைப் போட்டி விழாவாக, கொண்டாடுகிறார்கள். 'கெரெடிக் என்பவரின் நாடு' என்ற பொருள்படும் கெரெடிகியோன் என்ற வட்டாரப் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் கார்டிகன் ஆனது.

1661இல் புரூடெனல் குடும்பத்துக்குக் 'கார்டிகன் பிரபு' பட்டம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களின் மாளிகை இருப்பது இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில்! அந்த வரிசையில் ஏழாமவர் ஜேம்ஸ் புரூடெனல். கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிக் குதிரைப்படையை நடத்திச் சென்றவர். முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டைக்கு இவர் பெயர்தான். அவரே அதைக் கண்டுபிடித்தார் என்ற கதைகளை நான் நம்புவதில்லை.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும் ஒரு கார்டிகன் உண்டு. பக்கத்திலேயே புரூடெனல் ஆறு. நியூசிலாந்தின் 'கார்டிகன் பே' என்ற பந்தயக் குதிரை 1968இல் பத்து லட்சம் டாலர் பரிசுப் பணத்தைத் தாண்டியது. வால் நீண்ட கார்டிகன் கோர்கி நாய்க்கு இடையில் எந்தப் பிரபுவும் இல்லை, நேரே அந்த வட்டாரத்தின் பெயர்தான்.