திருவாதிரைக்கு உங்க டெசிக்னேஷன் தெரியாது

அன்புள்ள சார்,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. எனக்கு 38 வயசு, ஐடி வேலை, டீம் லீட். போன மாசம் ஒரு இன்டர்வியூல, வேலையைத் தவிர வேற என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. எனக்கு பதிலே வரல. கிதார் வாங்கினேன், மூணு மாசத்துல நின்னுபோச்சு. கேமராவும் அதே கதைதான், ஓட்டமும் அதே கதைதான். ஐராவதம் மகாதேவன் ஐஏஎஸ் வேலையில இருந்துக்கிட்டே சிந்துவெளி எழுத்துகளையெல்லாம் தொகுத்திருக்கார். எனக்கு மட்டும் ஏன் எதுவும் நிக்க மாட்டேங்குது? நேரம் இல்லாததாலயா, வயசு தாண்டிடுச்சா? கரியருக்கும் உதவியா, மனசுக்கும் நல்லதா ஒண்ணு எடுக்கணும்னா எதை எடுக்கலாம்? மனைவிகிட்ட கேட்டா, 'வீட்டு வேலையில இருந்து தப்பிக்க இன்னொரு வழி தேடுறீங்க'ங்கிறாங்க.

க.

---

அன்புள்ள க.,

வர்ற லெட்டர் எல்லாத்துக்கும் நான் பதில் போடுறதில்ல. உங்களுக்குப் போடுறேன்னா அதுக்குக் காரணம் என் அக்கா பொண்ணு. நான் நட்சத்திரம் பாக்குற ஆளுன்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும், பகல்ல ஆடிட், ராத்திரியானா மொட்டைமாடி, ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. போன வாரம் வந்தவ அந்த நோட்டை எடுத்துப் புரட்டிட்டு, 'இத்தனை வருஷமா பாக்குறீங்களே மாமா, என்ன கண்டுபிடிச்சீங்க'ன்னா. ஒண்ணும் இல்லடின்னேன். 'அப்புறம் எதுக்கு?' அதுக்கு ஏதோ சொல்லி சமாளிச்சேன், ஆனா சொன்னது எனக்கே திருப்தியா இல்ல, அதையே மென்னுக்கிட்டு இருக்கும்போதுதான் உங்க மெயில் வந்துது.

சில்லறையை மொதல்ல தள்ளிடுறேன். நேரம் இல்லைங்கிறதை நான் நம்பல, உங்க போன்லயே ஸ்கிரீன் டைம்னு ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துட்டு வந்து பேசுங்க. 38 எல்லாம் ஒரு வயசா? வில்லியம் ஹெர்ஷல் ஆர்கன் வாசிச்சு, பாட்டு சொல்லிக் குடுத்து பிழைச்ச மனுஷன், வானத்தைப் பாக்கணும்னு கிறுக்குப் பிடிக்கும்போதே முப்பதைத் தாண்டியாச்சு, 1781 மார்ச் 13ல யுரேனஸ் கண்ணுல படும்போது அவருக்கு 42. அதையும் அவர் வால்நட்சத்திரம்னுதான் மொதல்ல நினைச்சார், அது வேற கதை. மகாதேவனை இழுத்துவந்து உங்களை நீங்களே அடிச்சுக்கிறதையும் நிறுத்துங்க. 1977ல அந்தத் தொகுப்பு வந்துது, 1980ல அவர் வேலையையே விட்டுட்டார், அவ்வளவு பசி. அந்தப் பசி எனக்குக் கிடையாது, உங்களுக்கும் இருந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

ஆனா 'கரியருக்கு உதவியா'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வந்துது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கரியருக்குத்தானே உழைக்கிறீங்க, மிச்சம் இருக்கிற ரெண்டு மணி நேரத்தையும் கொண்டுபோய் அதே உண்டியல்ல போடணுமா? கிதார் வாசிச்சா லீடர்ஷிப் வளரும், மாரத்தான் ஓடினா டீம் ஸ்பிரிட் வரும்னு எவனாவது எழுதியிருப்பான், நீங்களும் படிச்சிருப்பீங்க. வளரட்டும், யார் வேண்டாம்னா? அதுக்காக ஒருத்தன் பாட்டு கத்துக்கிட்டா அவனுக்கு சுருதி சேருமான்னு எனக்கு சந்தேகம்தான்.

நான் என்ன பண்றேன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், பொறுமையா படிங்க. சில நட்சத்திரங்களோட பிரகாசம் மாறிக்கிட்டே இருக்கும், அதைக் கண்ணாலயே அளக்கலாம். எப்படின்னா, பிரகாசம் இவ்வளவுன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ரெண்டு நட்சத்திரத்தைப் பக்கத்துல எடுத்துக்கணும், ஒண்ணு இதைவிட பளிச்சுன்னு இருக்கணும், இன்னொண்ணு இதைவிட மங்கலா இருக்கணும், நம்ம ஆளு ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கிறான்னு கண்ணால முடிவு பண்ணி ஒரு நம்பர் எழுதணும். உதாரணமா திருவாதிரை மங்கியிருக்கும்போது ஒப்பிட ரோகிணியும் பெல்லாட்ரிக்ஸ்ங்கிற நட்சத்திரமும். ரோகிணி சுமார் 0.9, பெல்லாட்ரிக்ஸ் 1.6, நம்பர் ஏற ஏற மங்கல்னு அர்த்தம். கேக்க சுலபமா இருக்கும். ஆனா இருட்டுக்குக் கண்ணு பழகவே இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவை போனைப் பாத்தா மறுபடி மொதல்ல இருந்து. திருவாதிரை சிவப்பு வேற, சிவப்பு நட்சத்திரத்தை உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா பிரகாசம் ஏறிக்கிட்டே போற மாதிரி தோணும், அதனால சட்டுன்னு ஒரு பார்வை பாத்துட்டு கண்ணை எடுத்துடணும். ஒப்பிடுற நட்சத்திரம் கீழ இறங்கியிருந்தா காத்துலயே பாதி வெளிச்சம் போயிடும், ரெண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்துல வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இது எல்லாத்துக்கும் மேல ஒரு விதி உண்டு, நேத்து என்ன எழுதினோம்னு நோட்டைப் பாக்கக் கூடாது. பாத்தா கண்ணு நேத்தைய நம்பரைத்தான் தேடும்.

இந்தக் கடைசி விதிதான் என்னை இத்தனை வருஷம் பிடிச்சு வச்சிருக்குன்னு இப்ப தோணுது. ஏன்னா பகல்ல நான் பாக்குறது இதுக்கு நேர் எதிர். ஆபீஸ்ல ஒரு நம்பர் இடிக்குதுன்னா நாலு பேரு உக்காந்து பேசுவோம், போன வருஷம் எப்படி எழுதினாங்கன்னு பழைய ஃபைலை எடுப்போம், கிளையன்ட் ஒரு விளக்கம் குடுப்பார், அதை நாங்க ஏத்துக்கிட்டதா ஒரு நோட் போடுவோம், முடிஞ்சுது. தப்பு பண்றோம்னு சொல்லல, வேலைங்கிறது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். உங்க வேலையும் அதேதான். உங்க கோடு நல்லாயிருக்கான்னு கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்துல சொல்லிடும், ஆனா நீங்க நல்லா வேலை பாத்தீங்களான்னு அப்ரைசல்ல சொல்றது மனுஷங்க, அவங்ககிட்ட பேசலாம், கெஞ்சலாம், கொஞ்சம் நடிக்கலாம். பதினஞ்சு வருஷம் இப்படியே ஓடினா ஒரு விஷயம் எப்படி இருக்குங்கிறதும் அதைப் பத்தி மத்தவங்க என்ன நினைக்கிறாங்கங்கிறதும் வேற வேறன்னே நமக்கு மறந்துபோயிடும்.

2019 டிசம்பர்ல ஒரு ராத்திரி, வழக்கமா 0.5 பக்கத்துல நிக்கிற திருவாதிரை எனக்கு 1.2ன்னு தெரிஞ்சுது. ரோகிணியைவிட மங்கல். கண்ணைத் தேய்ச்சுட்டு, கொஞ்ச நேரம் உள்ள போய் உக்காந்துட்டு வந்து பாத்தேன், மறுபடி அதேதான். 0.8ன்னு போட்டுடலாமான்னு கை அரிச்சுது, அப்படிப் போட்டா யாரும் கேக்கப் போறதில்ல, அழகா பொருந்தியும் இருக்கும். 1.2ன்னே எழுதினேன். உலகம் முழுக்க அன்னிக்கு மாடியில நின்ன மத்தவங்களும் அதைத்தான் எழுதியிருந்தாங்க, 2020 பிப்ரவரில அது 1.6 வரைக்கும் போச்சு. நட்சத்திரம் கக்கின வாயு குளிர்ந்து தூசியாகி வெளிச்சத்தை மறைச்சுதுன்னு விஞ்ஞானிகள் அப்புறம் விளக்கினாங்க. நான் எதையும் கண்டுபிடிக்கல, ஆயிரக்கணக்கான புள்ளியில என்னோடதும் ஒரு புள்ளி. இப்படிப் புள்ளி சேக்குறதுக்குன்னே 1911ல அமெரிக்காவுல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, தூண்டுதலா இருந்த ஆல்காட் ஒரு வக்கீல். இன்னிக்கு கோடிக்கணக்கில் அளவுகள் சேந்திருக்கு, குடுத்ததுல நிறைய பேருக்கு பகல்ல வேற ஏதோ வேலை. அந்தக் கணக்குல திருவாதிரைக்கு என் பதவி, என் பேரு, போன வருஷ இன்கிரிமென்ட் எதுவும் தெரியாது. பேசி சரிக்கட்ட முடியாத ஒண்ணு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு ராத்திரி நிக்கிறது எனக்கு வேண்டியிருக்கு. அக்கா பொண்ணு கேட்டதுக்கு இதைத்தான் சொல்லியிருக்கணும், பொடிசு நல்லா மாட்டிவிட்டுட்டா.

இப்ப உங்க மூணு மாசக் கதை. எதையும் நீங்க மூணு மாசம் செஞ்சு விட்டதா நான் நினைக்கல, ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கீங்க. கிதார்ல எஃப் கார்டு வந்திருக்கும், சரியா? ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலயும் படுக்க வச்சு அழுத்தணும், ரெண்டு கம்பி ஊமையா டொக்குன்னு தட்டும், மணிக்கட்டு வலிக்கும், யூட்யூப்ல அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே போட்டுட்டுப் போவான். அங்கதான் வச்சிருப்பீங்க கிதாரை. டீம் லீடை ஒரு கம்பி மதிக்கலைன்னா கஷ்டமாத்தான் இருக்கும், புரியுது. ஆனா நீங்க தேடுற 'மனசுக்கு நல்லது' அந்த டொக்குக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. கேமராவை விட்டுட்டு ஓட்டம், ஓட்டத்தை விட்டுட்டு இன்னொண்ணுன்னு போனா அங்கயும் ஒரு டொக்கு காத்திருக்கும். எதை எடுக்கிறதுங்கிறதுல பெரிய ரகசியம் எல்லாம் இல்ல, ஏற்கெனவே வீட்டுல தூசி பிடிச்சுக் கெடக்குறதை எடுங்க, புதுசா எதுவும் வாங்காதீங்க. மோசமா வாசிங்க, வருஷக்கணக்கா மோசமா வாசிச்சாலும் பரவாயில்ல, தயவுசெஞ்சு அதை வீடியோ எடுத்துப் போடாதீங்க.

மனைவி சொன்னதை லெட்டரோட கடைசியில போட்டு, நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன்னு நினைச்சீங்க போல. எனக்கு அவங்க சொல்றது சரின்னுதான் படுது. ஹெர்ஷல் ஒரு கண்ணாடியை முடிக்க 16 மணி நேரம் அதுல இருந்து கை எடுக்காம தேய்ச்சாராம், தங்கச்சி கரோலின் பக்கத்துல இருந்து வாயில சாப்பாடு ஊட்டியிருக்காங்க. இதை எழுதுறவங்க எல்லாம் அவரோட விடாமுயற்சியைப் பத்தித்தான் உருகுவாங்க. ஊட்டின கை நல்லா பாடுற ஒருத்தியோடது, அண்ணனோட கிறுக்குல அவங்க மேடையே போச்சு. அப்புறம் அவங்களுக்கும் ஒரு தொலைநோக்கி கிடைச்சுது, 1786ல இருந்து 1797க்குள்ள எட்டு வால்நட்சத்திரம் பிடிச்சாங்க, இங்கிலாந்து ராஜா வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளமும் குடுத்தார். நல்லபடியா முடிஞ்சதால இந்தக் கதை நமக்குத் தெரியுது. எத்தனையோ வீட்டுல ஊட்டினதோட சரி.

அதனால உங்க டைம்டேபிளை எனக்கு அனுப்பாதீங்க, அவங்ககிட்ட காட்டுங்க. வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம் உங்களுக்குன்னா ரெண்டு சாயங்காலம் அவங்களுக்கு, அன்னிக்கு சமையல், பிள்ளைங்க ஹோம்வொர்க் எல்லாம் உங்க தலையில. அவங்க அந்த நேரத்துல தூங்கினாலும் சரி, என்ன பண்ணேன்னு கேக்கக் கூடாது. இதுக்கு ஒத்து வரலைன்னா கிதாரை வித்துடுங்க.