ஆளுகிறவனுக்கு அடக்கம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தலைவர்களைப் பற்றியவை. பிரதேச சபை, திருச்சபை, வட்டை (வயல்வெளி), சங்கம் என்று இடம்தான் வேறு, மனக்குறை ஒன்றுதான். கடிதம் எழுதுபவர்கள் தயவுசெய்து வசன எண்ணைக் குறிப்பிடுங்கள். ‘பைபிளில் எங்கேயோ வருகிறது’ என்று எழுதினால் எதை வைத்துப் பதில் சொல்வது?

கோபத்தை அடக்குகிறவன் பட்டணத்தைப் பிடித்தவனைவிட உயர்ந்தவன் என்பது எங்கே வருகிறது? (ஆரையம்பதி)

நீதிமொழிகள் 16:32. கூடவே 25:28-ஐயும் வாசியுங்கள். தன் ஆவியை அடக்காதவன் மதிலிடிந்த பட்டணம் என்கிறது அது. மதில் விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆபத்து. தலைவனின் கோபத்துக்கு ஊர் கொடுக்கும் விலையும் அப்படித்தான்.

2025 உள்ளூராட்சித் தேர்தலில் முதல் தடவை வென்று சபைக்குப் போயிருக்கிறேன். எதை வாசிக்கலாம்? (களுவாஞ்சிக்குடி)

உபாகமம் 17:14–20 முதலில். ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தை (கடவுள் கொடுத்த சட்டத்தை) தனக்கென்று பிரதி எடுத்து வைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். தன் சகோதரருக்கு மேலாக அவன் மனம் உயர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

அப்புறம் நெகேமியா 5. யூதாவில் 12 வருஷம் அதிபதியாக இருந்த நெகேமியா, அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. அவருக்கு முன் இருந்தவர்கள் சனத்திடம் அப்பமும் திராட்சரசமும் வாங்கி, 40 சேக்கல் வெள்ளியும் எடுத்தார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கூட சனத்தின் மேல் அதிகாரம் பண்ணினார்கள். நெகேமியாவுக்குச் செலவு இல்லாமல் இல்லை. அவருடைய பந்தியில் யூதர் மட்டும் 150 பேர், ஒரு நாள் சமையலுக்கு ஒரு காளையும் ஆறு ஆடும். இருந்தும் வாங்கவில்லை, ஏனென்றால் சனத்தின் மேல் ஏற்கெனவே சுமை அதிகம். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைத்த சனம் அது. உங்கள் சபையில் வாகனம், எரிபொருள், கொடுப்பனவு என்று பேச்சு எழும் நாளில் அந்த அதிகாரத்தைக் காலையிலேயே வாசித்துவிட்டுப் போங்கள்.

சாலமோன் ஞானி என்றால் ஆயிரம் பெண்கள் எப்படி? (கல்முனை)

மேலே உபாகமத்தில் சொன்ன மூன்று தடைகளையும் வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11-ஐ வாசியுங்கள். ஒரு வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து, குதிரை வீரர் 12,000, மனைவியரும் மறுமனையாட்டிகளும் ஆயிரம். மூன்றையும் மீறியிருக்கிறார். அறிவு நிறைய இருந்தது, அடக்கம் போய்விட்டது. ‘நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்குங்கள்’ என்று சனம் கேட்டபோது, மகன் ரெகொபெயாம் முதியவர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு வாலிபர்களின் பேச்சைக் கேட்டுச் சீறினான். பத்துக் கோத்திரம் பிரிந்து போனது.

திருச்சபையின் பொதுக் கூட்டத்தில் ஒரு தம்பி கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டார். ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். சரியா? (மட்டக்களப்பு நகரம்)

இல்லை. இந்த வசனத்தை இப்படிப் பாவிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. எத்தனை தடவை எழுதிவிட்டேன்: ஒரு வசனத்தை எடுத்தால் அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு வாசியுங்கள்.

அது சங்கீதம் 105:15. அங்கே ‘அபிஷேகம் பண்ணினவர்கள்’ என்று சொல்லப்படுபவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சப் பேராக, சொந்த நிலம் இல்லாமல், ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அலைந்தவர்கள். ‘தொடாதே’ என்ற கட்டளை யாருக்கு? 14-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ‘அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டு’. அதிகாரம் இல்லாதவனைக் காப்பாற்ற ராஜாக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. அதை அதிகாரத்தில் இருப்பவர் கையில் எடுத்துக் கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை அடைப்பது, வசனத்துக்குச் செய்யும் அநியாயம்.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவை, அபிஷேகம் பெற்றவர் என்று தாவீது தொடவில்லையே என்பார்கள். உண்மை, எங்கேதிக் குகையில் கொல்லவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை. வெளியே வந்து, வெட்டியெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, சவுலின் படை கேட்க அவனுடைய அநியாயத்தைச் சொன்னார். பின்னாளில் தாவீதே தவறினபோது தீர்க்கதரிசி நாத்தான் நேரே போய் ‘நீயே அந்த மனுஷன்’ என்றார். தாவீது ராஜாவாக இருந்து அதைத் தாங்கிக்கொண்டார்.

கணக்கைப் பற்றியும் வேதம் பேசுகிறது. சவுலையும் தாவீதையும் அபிஷேகம் பண்ணின சாமுவேல், வயது போன காலத்தில் சனத்தின் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சாட்சி சொல்லுங்கள் என்று தானாகவே கேட்டார் (1 சாமுவேல் 12:3). தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று பவுல் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார் (2 கொரிந்தியர் 8:20). அந்தத் தம்பியிடம் அடுத்த கூட்டத்திலும் கேட்கச் சொல்லுங்கள், மரியாதையோடு, எழுத்தில்.

நீதிமொழிகள் 31:6 ‘மதுவைக் கொடுங்கள்’ என்கிறதே, தலைவர்கள் குடித்தால் என்ன? (அக்கரைப்பற்று)

4, 5-ஆம் வசனங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? ராஜாக்கள் குடித்தால் சட்டத்தை மறந்து, சிறுமைப்பட்டவர்களின் நியாயத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று லேமுவேல் ராஜாவின் தாய் எச்சரிக்கிறாள். ஆறாம் வசனம் சாகக் கிடக்கிறவனுக்கு. மறுபடியும் சொல்கிறேன், முன் இரண்டு, பின் இரண்டு.

நான் வட்டை விதானை (வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்ப்பவர்). தண்ணீர் விடும் நேரத்தில் சொந்தக்காரர் தொல்லை. இந்த வசனங்கள் எனக்கும் பொருந்துமா? (வவுணதீவு)

பொருந்தும். யாத்திராகமம் 18:21-இல் ஆயிரம் பேருக்குத் தலைவனுக்கும் பத்துப் பேருக்குத் தலைவனுக்கும் ஒரே தகுதிதான்: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுப்பது. கண்ணாவில் (விவசாயிகளின் போகக் கூட்டத்தில்) கூடிப் பேசி முடிவான முறைப்படி வாய்க்காலைத் திறவுங்கள். மச்சானின் வயலுக்கும் அதே முறைதான்.

நான் இந்து. குறளிலும் இது இருக்கிறதே? (காரைதீவு)

இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. காது கசக்கும் சொல்லைப் பொறுக்கிற வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கிறது 389-ஆம் குறள். ஆலோசனை கேட்க மனமில்லாத கிழட்டு ராஜாவைவிட ஏழையான, ஞானமுள்ள இளைஞனே மேல் என்கிறது பிரசங்கி 4:13. சேர்த்து வாசியுங்கள்.

சீராக் ஆகமம் என் பைபிளில் இல்லை. அச்சுப் பிழையா? (தன்னாமுனை)

பிழை இல்லை. உங்கள் கையில் இருப்பது புரட்டஸ்தாந்துப் பதிப்பு, கத்தோலிக்கப் பதிப்பில் இருக்கும். ஆட்சியாளர்களுக்கு 10-ஆம் அதிகாரம், தன்னடக்கத்துக்கு 18-இன் கடைசிப் பகுதியும் 23-இன் தொடக்கமும்.

குகையில் அவ்வளவு பொறுமையாக இருந்த தாவீது, அடுத்த அதிகாரத்திலேயே நாபாலைக் கொல்லப் போகிறாரே? (திருக்கோவில்)

நல்ல கேள்வி, கவனமாக வாசித்திருக்கிறீர்கள். சவுல் தன் உயிரைத் தேடியபோது பொறுத்தவர், சாப்பாடு கேட்ட இடத்தில் செல்வந்தனான நாபால் அவமதித்ததும் 400 பேரோடு வாளெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் கழுதைகளில் 200 அப்பமும் மற்றதும் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து, நாளைக்கு ராஜாவாகும்போது வீணாக இரத்தம் சிந்தின வருத்தம் உமக்கு வேண்டாம் என்றாள். தாவீது அவள் யோசனைக்கு நன்றி சொல்லித் திரும்பினார். அதற்கடுத்த அதிகாரத்தில் சவுல் மறுபடியும் கைக்கெட்டும் தூரத்தில் தூங்குகிறான், ஈட்டி தலைமாட்டில் குத்தியிருக்கிறது, ‘ஒரே குத்து’ என்று தாவீதோடு வந்த அபிசாய் கேட்கிறான். தாவீது விடவில்லை. 1 சாமுவேல் 24, 25, 26 மூன்றையும் ஒரே இருப்பில் வாசியுங்கள்.