சமணர்கள் கோயிலில் யாரைக் கும்பிடுகிறார்கள்? எதற்காக?

கேள்வி: சமண சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளும் பழக்கங்களும் என்ன? படைத்த கடவுள் இல்லை என்பவர்கள் கோயில் கட்டி யாரைக் கும்பிடுகிறார்கள்? வெங்காயம், பூண்டு ஏன் ஆகாது? மற்றவர்கள் உங்கள் கோயிலுக்குள் வரலாமா?

நான் வந்தவாசிப் பக்கத்தில் ஒரு நயினார் குடும்பத்தில், அதாவது தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். சமணர் என்றதும் வடக்கிலிருந்து வந்து வணிகம் செய்பவர்கள்தான் பலர் நினைவுக்கு வருகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) பயிரிட்டுக்கொண்டு, வீட்டில் தமிழ் பேசி வாழும் சமணர்களும் இருக்கிறோம். நாங்கள் திகம்பரப் பிரிவு, துறவிகள் ஆடையையும் துறக்கும் பிரிவு. ஆகையால் இந்தப் பதிலில் அந்த வழக்கமே அதிகம் வரும். துறவிகள் வெள்ளாடை அணியும் மற்றொரு பிரிவான சுவேதாம்பரர் வேறுபடும் முக்கியமான இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கடவுள் விஷயம். இந்த உலகத்தை யாரும் படைக்கவில்லை என்பது எங்கள் நெறி. உலகுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. உயிர்களும் அப்படித்தான். எல்லையற்ற அறிவும் ஆற்றலும் இன்பமும் ஒவ்வோர் உயிரின் இயல்பு. வினை மூடிக்கிடப்பதால் அவை வெளிப்படுவதில்லை. அந்த வினையைத் தன் முயற்சியால் முழுக்கக் களைந்து, களையும் வழியைப் பிறருக்கும் காட்டியவர்களே தீர்த்தங்கரர்கள். நாம் வாழும் இந்தக் காலப்பகுதியில் 24 பேர். முதல்வர் ஆதிநாதர் என்னும் ரிஷபதேவர், 23ஆம் தீர்த்தங்கரர் பார்சுவநாதர், கடைசியாக வந்தவர் மகாவீரர். மரபுக் கணக்குப்படி மகாவீரர் கி.மு. 599இல் வைசாலி அருகே அரச குடும்பத்தில் பிறந்தார். 30 வயதில் துறவு பூண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவம் செய்து முழுதுணர் ஞானம் பெற்றார். 72ஆம் வயதில் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தார். அவர்தான் சமணத்தைத் தோற்றுவித்தார் என்று பலரும் சொல்வதுண்டு. எங்கள் மரபில் அவர் எதையும் புதிதாகத் தொடங்கியவர் அல்லர். முன்னவர்கள் காட்டிய வழியையே திரும்ப எடுத்துச் சொன்னவர்.

கோயிலில் நாங்கள் வணங்குவது இவர்களைத்தான். ஆனால் எதையும் கேட்டு வாங்குவதற்காக இல்லை. வீடுபேறு அடைந்தவருக்கு விருப்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. பூசை செய்தால் மகிழ்ந்து வரம் தரமாட்டார், செய்யாவிட்டால் கோபிக்கவும் மாட்டார். அவரிடம் இருக்கும் குணங்கள் என்னிடமும் மலர வேண்டும் என்பதற்காக வணங்குகிறேன். 'ணமோ அரிஹந்தாணம்' என்று தொடங்கும் பஞ்ச நமஸ்காரம்தான் எங்கள் தினசரி மந்திரம். அருகர் (முழுதுணர் ஞானம் பெற்றவர்), சித்தர் (வீடுபேறு அடைந்தவர்), ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று ஐந்து நிலையினருக்கு அதில் வணக்கம் சொல்கிறோம். தனி ஆளின் பெயர் ஒன்றுகூட அதில் வராது, வேண்டுதலும் வராது. குழந்தைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சிலைகளைப் பார்த்தாலே இது புரியும். தியானத்தில் அமர்ந்த கோலம் அல்லது கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும் கோலம், இந்த இரண்டுதான். ஆயுதம் இல்லை, அபய முத்திரை இல்லை, துணைவி இல்லை. தலைக்கு மேல் முக்குடை இருக்கும். 24 பேரின் முகமும் ஒன்றுபோலவே இருப்பதால் பீடத்தில் உள்ள சின்னத்தைப் பார்த்துத்தான் யாரென்று சொல்ல முடியும்: ஆதிநாதருக்குக் காளை, நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம். பார்சுவநாதரைத் தலைக்கு மேல் விரிந்த நாகப்படத்தை வைத்தும் தெரிந்துகொள்ளலாம். பூசையில் ஜினனுக்கு, அதாவது தீர்த்தங்கரருக்கு, அர்ப்பணித்த பொருளைத் திரும்ப எடுத்து உண்ணக்கூடாது என்பதும் நெறி. கொடுத்துப் பெறும் உறவு அங்கே இல்லை.

தர்மதேவி, பத்மாவதி, ஜ்வாலாமாலினி என்று இயக்கியர் எனப்படும் காவல் தேவியரின் சந்நிதிகளும் எங்கள் கோயில்களில் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காகவும் கல்யாணத்துக்காகவும் என் ஆயா (பாட்டி) வேண்டிக்கொள்வது தர்மதேவியிடம்தான். இதை நான் மறைக்க விரும்பவில்லை, குறையாகவும் நினைக்கவில்லை. ஆனால் இயக்கியரும் பிறந்து இறக்கும் உயிர்களே. நல்லவர்களுக்குத் துணை நிற்கலாம், யாருடைய வினையையும் அவர்களால் கழுவ முடியாது. ஆயாவும் இதைத் தெரிந்துதான் வேண்டிக்கொள்வார்.

இனி வினை. சமணத்தின் நடுநாடி இதுதான். எங்கள் நெறியில் வினை என்பது யாரோ எழுதிவைக்கும் பாவ புண்ணியக் கணக்கு இல்லை. அது ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள். எண்ணம், சொல், செயல் மூன்றும் அசையும்போதெல்லாம் அது உயிரை நோக்கி வருகிறது. வந்த துகள் ஒட்டிக்கொள்ளக் காரணம் கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்ற நான்கும். எண்ணெய் பூசிய உடம்பில் புழுதி ஒட்டுகிற மாதிரி என்று எங்கள் பெரியவர்கள் விளக்குவார்கள். துகள் வருவது ஊற்று, ஒட்டுவது கட்டு, வரும் வழியை அடைப்பது செறிப்பு, ஒட்டியதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு, எல்லாம் கழிந்தால் வீடு. இவை பழைய தமிழ்ச் சமண நூல்கள் ஆளும் சொற்கள். என் வினையை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியாது, எந்தப் பரிகாரமும் அதை விலைக்கு வாங்காது. மன்னித்து விடுவிக்கவும் மேலே யாரும் இல்லை. கேட்பவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எனக்கு இது பெரிய தைரியம் தந்த நம்பிக்கை: கட்டியது நான் என்றால் அவிழ்க்கவும் என்னால் முடியும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள் சேர்ந்தால்தான் அந்த வழி. ஒன்றை விட்டு இரண்டு போதாது.

கொல்லாமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். மண், நீர், நெருப்பு, காற்று, செடிகொடி எல்லாவற்றிலும் ஓரறிவு உயிர்கள் உண்டு என்கிறது சமணம். புழுவுக்கும் சங்குக்கும் ஈரறிவு, எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு, மீன், பறவை, விலங்கு, மனிதருக்கு ஐந்து. அப்படியானால் மூச்சுவிடுவதே கொலை ஆகாதா என்று கேட்பார்கள். இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம் என்னும் நூல் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: விழிப்பில்லாத மனத்தின் செயலால் உயிரைப் போக்குவதுதான் இம்சை. முழுக் கவனத்தோடு பார்த்து நடக்கும் துறவியின் காலடியில் தெரியாமல் ஒரு பூச்சி இறந்தால் அவரைக் கொலைவினை பற்றாது. அலட்சியமாக நடப்பவன் காலில் ஒன்றும் மிதிபடாவிட்டாலும் அவன் வினையைக் கட்டிக்கொள்கிறான்.

யசோதரன் கதை இதற்காகவே எங்கள் வீடுகளில் சொல்லப்படுவது. அவந்தி நாட்டு அரசன் யசோதரனிடம், கெட்ட கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய் சந்திரமதி. அவன் மறுக்கிறான். அப்படியானால் மாவால் ஒரு சேவல் செய்து வெட்டிவிடலாம் என்று சமாதானம் ஆகிறது. வெட்டியது வெறும் மாவைத்தான். ஆனால் வெட்டும்போது மனத்தில் இருந்தது பலி. அந்த வினையால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் அல்லல்பட்டார்கள். சிறுவயதில் எனக்கு இது அநியாயமான தண்டனையாகப் பட்டது. யாரும் தண்டிக்கவில்லை, கத்தியை ஓங்கிய மனம் தானே அங்கே போய்ச் சேர்ந்தது என்று தாத்தா சொன்ன பதிலை இன்றும் நான் நம்புகிறேன்.

விவசாயம் எப்படிச் செய்கிறீர்கள் என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். இல்லறத்தாருக்கு இம்சை நான்கு வகை: வேண்டுமென்றே கொல்வது, சமையல் முதலான வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தன்னையும் தன்னவரையும் காக்க எதிர்க்கும்போது நேர்வது. முதல் வகையை இல்லறத்தார் முற்றிலும் விட்டாக வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். உழும்போது புழு சாகும் என்பது தெரிந்தே உழுகிறோம். கொல்வதற்காக உழவில்லை. அதற்காக வினை இல்லை என்றும் சொல்லிக்கொள்வதில்லை.

சாப்பாட்டு விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை. புலால், கள், தேன் மூன்றும் கூடாது. ஆல், அரசு, அத்தி போன்ற ஐந்து மரங்களின் பழங்களும் கூடாது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழியே காரணத்தைச் சொல்லிவிடும். கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைப் பிடுங்கினால் செடி முழுவதுமே அழியும். அதோடு ஒரே கிழங்கின் உடலில் எண்ணற்ற உயிர்கள் கூடி வாழ்கின்றன என்பதும் நம்பிக்கை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது இரண்டும் பழைய பழக்கங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் சோற்றில் விழும் என்பதே இரவு உண்ணாமைக்குக் காரணம். இவை எல்லாவற்றையும் எல்லாச் சமணரும் ஒரே அளவில் கடைப்பிடிப்பதில்லை. வேலைக்காக வெளியூர் போன இளைஞர்கள் பலருக்கு இரவு உணவு தவிர்க்க முடியாததாகிவிட்டது. எனக்குத் தெரிந்த பலர் புலாலை மட்டும் உறுதியாக விலக்கிவிட்டு, மற்றவற்றை விரத நாட்களில் கடைப்பிடிக்கிறார்கள்.

இல்லறத்தாருக்கு ஐந்து சிறுவிரதங்கள்: கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, பிறர்மனை நயவாமை, பொருளுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுதல். ஐந்தாவதுதான் இன்று மிகக் கடினமானது என்பது என் எண்ணம். இவ்வளவு நிலம், இவ்வளவு பணம், அதற்கு மேல் வந்தால் தானம் என்று முன்கூட்டியே வரம்பு கட்ட வேண்டும். செல்வம் சேர்ந்த சமணக் குடும்பங்களில் இந்த விரதத்தைப் பற்றிய பேச்சு, வெங்காயத்தைப் பற்றிய பேச்சு அளவுக்கு இருப்பதில்லை. இது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

துறவிகளுக்கு இதே ஐந்தும் முழு அளவில், விலக்கே இல்லாமல். திகம்பர முனிவர் ஆடையும் துறந்தவர். மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும் வைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒரு வேளை, நின்றபடி, கையில் வாங்கி உண்பார். தலைமுடியைக் கையால் பிடுங்குவார். வாகனம் ஏறமாட்டார். மழைக்கால நான்கு மாதம் மட்டும் ஒரே ஊரில் தங்குவார். சுவேதாம்பரத் துறவிகள் வெள்ளாடை அணிந்து பாத்திரத்தில் பிச்சை ஏற்பார்கள், சில பிரிவினர் வாயை மறைத்துத் துணி கட்டுவார்கள். பெண் அதே பிறவியில் வீடுபேறு அடையலாம் என்பது அவர்கள் கொள்கை. 19ஆம் தீர்த்தங்கரர் மல்லியைப் பெண்ணாகவே கொள்கிறார்கள். திகம்பரர் இரண்டையும் ஏற்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் மனம் சுவேதாம்பரர் பக்கமே சாய்கிறது.

பண்டிகைகளில் தீபாவளி எங்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். விடியற்காலையில் கோயிலில் பூசை நடக்கும். அட்சய திருதியையும் எங்கள் நாள்தான், ஆனால் தங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. துறவு பூண்ட ரிஷபதேவருக்கு எப்படி உணவளிப்பது என்று அந்தக் கால மக்களுக்குத் தெரியவில்லை. யானையும் பொன்னும் கொண்டுவந்து நீட்டினார்கள். ஓராண்டுக்கு மேல் பட்டினி இருந்தவருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச அரசன் கரும்புச்சாறு கொடுத்த நாள் அது. புரட்டாசியை ஒட்டி வரும் தசலட்சண பர்வத்தின் பத்து நாள் விரதம் முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். எல்லா உயிர்களையும் நான் பொறுக்கிறேன், எல்லா உயிர்களும் என்னைப் பொறுக்கட்டும் என்பது அன்று சொல்லும் வாசகம். பேச்சு அறுந்துபோன பங்காளிகள் அன்று வீடு தேடி வந்து பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பொருளைப் பற்றி எந்த ஒரு கூற்றும் முழு உண்மையாகாது, ஒரு நோக்கில்தான் உண்மை என்னும் அநேகாந்தவாதமும் அடிப்படைக் கொள்கைதான். அது தனிக் கேள்வியாகக் கேட்கத் தகுந்த அளவுக்குப் பெரியது.

சல்லேகனையைச் சொல்லாமல் விட முடியாது, பின்னூட்டத்தில் எப்படியும் யாராவது கேட்பார்கள். தீராத நோய், தள்ளாத முதுமை என்ற நிலையில், குருவின் அனுமதியோடு, உணவைப் படிப்படியாகக் குறைத்து உடலை விடுவது சல்லேகனை. செஞ்சி அருகே திருநாதர் குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இதைத் தற்கொலைக்குச் சமமாகக் கருதித் தடை செய்தது. அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. முதியவர் யாரையும் குடும்பம் இதற்குள் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் விரத விதியைப் பாருங்கள்: இன்னும் கொஞ்சம் வாழ வேண்டும் என்று ஏங்குவது விரதக் குற்றம், சீக்கிரம் சாக வேண்டும் என்று விரும்புவதும் அதே அளவு விரதக் குற்றம். வாழ்வை வெறுத்து எடுக்கும் முடிவுக்கு அதில் இடமே இல்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில்: தாராளமாக வரலாம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் இருந்தால் வெளியிலேயே வைத்துவிடுங்கள். தமிழ்ச் சமணர்களின் மடம் திண்டிவனம், செஞ்சி பக்கம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. அங்கே பார்சுவநாதர் கோயிலைப் பாருங்கள். போளூர் அருகே திருமலையில் பாறையில் செதுக்கிய 16 அடி நேமிநாதரும், ராசராசனின் அக்கா குந்தவை பெயரில் வழங்கும் ஜினாலயமும் (சமணக் கோயில்) உண்டு. காஞ்சிபுரத்தில் திருப்பருத்திக்குன்றம், அங்கே மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியமாக இருக்கின்றன. வந்தவாசிப் பக்கம் வந்தால் சமண ஆசாரியர் குந்தகுந்தர் தவம் செய்ததாக நாங்கள் போற்றும் பொன்னூர் மலைக்கு ஏறுங்கள். மேலே அவருடைய பாதச்சுவடுகளை வணங்கலாம். சில கிராமக் கோயில்கள் பூசை நேரம் தவிரப் பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லி, கூடவே வந்து திறந்தும் காட்டுவார்கள்.