பழைய தெருவும் இன்றைய தெருவும்: எங்கே நின்று எடுப்பது?

கேள்வி: எங்கள் நகரின் பழைய வட்டாரத்தைத் தாத்தா எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்கள் ஓர் ஆல்பம் நிறைய இருக்கின்றன. அவர் வாங்கிச் சேர்த்த இன்னும் பழைய படங்களும் உண்டு. அதே தெருக்களை இன்று எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பகிர ஆசை. ஆனால், நான் எடுப்பது பழைய படத்தோடு பொருந்தவே மாட்டேன் என்கிறது.

பதில்: குறை உங்கள் கேமராவில் இல்லை, நிற்கும் இடத்தில்தான். ஒரு படத்தில் எது எதை மறைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது கேமரா நின்ற இடம் மட்டுமே. ஜூம் செய்தாலும் அது மாறாது.

பழைய படத்தில் இருந்து இன்றும் நிற்கிற இரண்டு பொருள்களைத் தேடுங்கள். ஒன்று அருகில், மற்றொன்று தொலைவில் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு வீட்டுச் சுவர் தூரத்து மணிக்கூண்டின் கடிகாரத்தைப் பாதி மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திரையில் கடிகாரம் முழுதாகத் தெரிந்தால், பாதி மறையும்வரை இடப்பக்கம் நகருங்கள். சில அங்குலம்கூட வித்தியாசம் காட்டும். அடுத்து உயரம்: அருகிலுள்ள தாழ்வாரத்தின் விளிம்பு தூரத்துக் கூரைக்கு மேலே தெரிகிறதா, கீழேயா? எவ்வளவு முயன்றும் இது ஒத்துவரவில்லை என்றால், அந்தப் படம் ஏதோ ஒரு மாடியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். எதிர்வீட்டாரிடம் அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள்.

போனை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்கள் உச்சியில் குறுகும். நேராகப் பிடியுங்கள், பரந்த லென்ஸில் எடுத்து, வேண்டாத தரையைப் பிறகு வெட்டிவிடலாம். நிழலையும் கவனியுங்கள். 1977-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மார்க் கிளெட் உள்ளிட்ட குழுவினர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நில அளவைக்காக அமெரிக்க மேற்குப் பகுதியில் எடுத்த புகைப்படங்களை அதே இடங்களில் மறுபடி எடுக்கத் தொடங்கியபோது, இடத்தோடு பருவத்தையும் நேரத்தையும் பொருத்த முயன்றார்கள். நிழல் விழும் திசை ஒத்துப்போனால், இரு படங்களுக்கும் இடையே மாறியது எது என்பது பளிச்சென்று தெரியும்.

வாங்கிச் சேர்த்த படங்களில் இரண்டு விஷயங்கள் ஏமாற்றும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் தெருவே இடம் வலமாக மாறியிருக்கும். பெயர்ப்பலகை எழுத்துகளைப் பார்த்துவிடுங்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தாலும் உடனே நம்பாதீர்கள். புகைப்பட முன்னோடியான பிரெஞ்சுக்காரர் டாகேர் 1838-இல் எடுத்த பாரிஸ் சாலைப் படத்தில் போக்குவரத்தே காணோம். ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆனதால், நகர்ந்தவர்கள் பதியவில்லை. காலணியை மெருகேற்றக் கொடுத்து அசையாமல் நின்ற ஒருவர் தெளிவாகத் தெரிகிறார்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள்; பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். அச்சுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும், நெகட்டிவுக்கு 2400-க்குக் குறையக் கூடாது. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, பகிர அளவில் சிறிய ஜேபெக் (JPEG) நகல் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

நான் மன்றாடிக் கேட்பது குறிப்புக்காகத்தான். எந்தத் தெரு, எந்தத் திசை நோக்கி, எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்பதைப் படத்தின் மேல் எழுதாமல், கீழே ஒரு பட்டை சேர்த்து எழுதுங்கள். படம் பத்துக் கை மாறினாலும் குறிப்பு கூடவே போகும். ஆண்டு உறுதியில்லை என்றால் ‘1955–60 வாக்கில்’ என்று எழுதுவதே நேர்மை. கணினியால் வண்ணம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படி ஒரு கதவு பச்சையாகத் தெரிந்தால், அந்த நிறம் வெறும் ஊகம்.

தாத்தா எடுத்தவற்றைப் பகிர அவருடைய மற்ற வாரிசுகளின் சம்மதமும் பெறுங்கள். விலைக்கு வாங்கிய படம் கையில் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. உரிமைக்காலம் நாட்டுக்கு நாடு மாறும், பகிருமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிகிறவர் இன்றும் இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பகிருங்கள்.