எட்டு கோர் இருக்குன்னு எட்டு வேலையா?

கேள்வி: பெரிய பகா எண் தேடுற கிம்ப்ஸ்ங்கிற கூட்டு முயற்சியில சேந்து, அதோட ப்ரைம்95 ப்ரோக்ராமை ஓட்டறேன். எட்டு கோர் இருக்கேன்னு எட்டு வொர்க்கர் (ப்ரோக்ராமுக்குள்ள தனித்தனியா கணக்குப் போடுற பிரிவு) வச்சு ஆளுக்கு ஒரு எண் கொடுத்தேன். எல்லாமே நத்தை மாதிரி நகருது. வேலைப் பட்டியல் இருக்கிற வொர்க்டுடூ ஃபைலை எப்படி மாத்தறது?
– கணக்குப் பைத்தியம்

பதில்: கணக்குப் பைத்தியமே, உங்க ப்ராசஸர் மேல தப்பில்ல, ரேம்தான் திணறுது. 11 கோடி ரேஞ்சுல ஒரு எக்ஸ்போனன்ட் (சோதிக்கிற எண்ணுல 2-க்கு மேல வர்ற அடுக்கு) எடுத்தா எஃப்எஃப்டி டேட்டா (பெரிய பெருக்கலுக்கு வச்சுக்கிற எண்கள்) மட்டும் 48 எம்பி கிட்ட வரும், அதையே எட்டு வொர்க்கரும் தனித்தனியா வச்சிருந்தா சாதாரண கேச்ல (ப்ராசஸருக்குள்ள இருக்கிற சின்ன மெமரி) எங்க அடங்கும், எல்லாம் ரேமுக்கு ஓடும், ஒரே குழாயடியில எட்டு குடம் வச்ச கதைதான். எட்டு கோரையும் ஒரே எண்ணுக்கு விடுங்க. ஒரு கோரை ரெண்டா காட்டுற ஹைப்பர்த்ரெட்டிங்கை நம்பி பதினாறுன்னு போடாதீங்க, இதுல பெரிசா பிரயோஜனம் கிடையாது.

மாத்தும்போது வரிசை முக்கியம். மொதல்ல மெனுவுல வொர்க்கர் எண்ணிக்கை 1, ஒரு வொர்க்கருக்கு 8 கோர்னு போட்டுடுங்க, இல்லன்னா காலியா நிக்கிற வொர்க்கருக்கெல்லாம் சர்வர்ல இருந்து புதுசா வேலை வந்து இறங்கிடும். அப்புறம் எக்ஸிட் கொடுங்க. எக்ஸ் பட்டனை அமுக்கிட்டு மூடிட்டோம்னு நினைக்காதீங்க, அது கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சு ஓடிட்டே இருக்கும், நான் ஒருதடவை அப்படியே ஃபைலைத் திருத்தி, திருத்தினது எல்லாத்தையும் அது பழையபடி எழுதி வச்சிருச்சு!

இப்ப வொர்க்டுடூவை நோட்பேட்ல திறந்தா சதுர அடைப்புக்குள்ள வொர்க்கர் #1, #2ன்னு தலைப்பு, அதுக்குக் கீழ பிஆர்பின்னு (பகா எண் சோதனையோட பேரு) ஆரம்பிச்சு 32 எழுத்து சாவி (சர்வர் கொடுத்த அடையாளம்), எக்ஸ்போனன்ட் எல்லாம் இருக்கும். வரியை அப்படியே கட் பண்ணி #1க்கு கீழ வைங்க, பாதிக்கு மேல முடிஞ்சது முதல்ல வரட்டும், சாவில மட்டும் கை வைக்காதீங்க. சேவ் ஃபைல் பேரு எக்ஸ்போனன்டை வச்சுதான் இருக்கு, அதனால வொர்க்கர் மாறினாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். இன்னும் தொடாத எண்ணை அன்ரிசர்வ் பண்ணி சர்வருக்கே திருப்பிக் கொடுத்துடுங்க, வேற யாராவது எடுத்துக்கட்டும்.

கேச் தாராளமா இருக்கிற ப்ராசஸர்ல ரெண்டு வொர்க்கர் கூட நல்லா ஓடலாம். ஆப்ஷன்ஸ்ல த்ரூபுட் பெஞ்ச்மார்க்னு மொத்த வேகத்தை அளக்கிற சோதனை இருக்கு, ஒருதடவை ஓட்டி எதுல வேகம் அதிகம்னு பாத்து வைங்க. ஓட்டும்போது யூடியூப்பை மூடிடுங்க சாமி.